அவியலும் பஜனையும்

வலியசாலைத் தெருக்களில் வாழும் நமக்கு அவியல் என்றால் இலையில் விழுகிற கூட்டுக்கறி. 2003ஆம் ஆண்டு இதே திருவனந்தபுரத்தில் சில இளைஞர்கள் சேர்ந்து தங்கள் ராக் இசைக்குழுவுக்கு அந்தப் பெயரையே வைத்தார்கள். கித்தாரில் ரெக்ஸ் விஜயன், பேஸ் கித்தாரில் பின்னி ஐசக், டிரம்ஸில் மிதுன் புத்தன்வீட்டில். முதலில் பாடிய ஆனந்தராஜ் பெஞ்சமின் பால் விலகியபோது வெளியாளைத் தேடவில்லை. மின்னணு ஒலிகளைக் கவனித்த டோனி ஜானே பாட்டையும் ஏற்றுக்கொண்டார். 2008இல் இவர்களுடைய இசைத்தட்டு வந்தது. எட்டுப் பாடல்கள், எல்லாம் மலையாளம். கேரளத்து ராக் குழுக்கள் பெரும்பாலும் மேல்நாட்டு ஆங்கிலப் பாட்டுகளையே திருப்பிப் பாடிவந்த காலம் அது. 2011இல் ‘சால்ட் அன் பெப்பர்’ படத்தில் இவர்கள் பாட்டு ஒலித்தது அதற்கப்புறம்தான்.

“ஒரே சத்தம், இதுல என்ன இருக்கு?” என்று நம் பெரியவர்கள் கேட்கலாம். அவர்களை ‘ஆடு பாம்பே’ பாடலைக் கேட்கச் சொல்வேன். சொற்கள் ஸ்ரீநாராயண குருவின் ‘குண்டலினிப் பாட்டு’. குரு தமிழ் கற்றவர், தமிழிலும் பாடியவர், திருக்குறளில் ஒரு பகுதியை மலையாளத்தில் தந்தவர். பாம்பை ஆடச்சொல்லும் இந்த முறையோ நம் பாம்பாட்டிச் சித்தருடையது. ஆக, சித்தர் மரபின் ஓர் இழை குருவின் வழியாகக் கித்தார் வரை வந்திருக்கிறது.

இந்தப் பாட்டு முறைக்கு ஒரு குணம் உண்டு. ஒரே அழைப்பு திரும்பத் திரும்ப வரும். தனி வித்வானின் சாமர்த்தியத்தைவிடக் கூட்டத்தின் குரலையே அது கேட்கிறது. நம் பஜனையும் அப்படித்தானே? கரமனையில் வாழ்ந்த நீலகண்ட சிவன் (1839–1900) வளர்த்த பஜனை மரபில் ஊறியவர்தான் பாபநாசம் சிவன். பஜனைக்கு டிக்கெட் கிடையாது, சன்மானமும் பெரிதில்லை. ஒருவர் சுருதிப்பெட்டி, ஒருவர் மிருதங்கம், மற்றவர்கள் ஜால்ரா. வாடகை ஒலிபெருக்கி, பங்குபோட்ட வண்டிக்கூலி, யார் வீட்டு மொட்டைமாடியிலோ ஒத்திகை என்று ஓடும் இன்றைய இளைஞர் குழுக்களும் ஏறக்குறைய இதே வழிதான்.

ஆனால் தோழமை மட்டும் சங்கீதம் ஆகிவிடாது. முன்வரிசை முழுக்க நண்பர்களே உட்கார்ந்தால் எல்லாக் கச்சேரியும் ஜோர்தான்! “டேய், அந்த இடத்துல தாளம் ஓடிடுச்சு” என்று அன்றிரவே சொல்பவன்தான் மேடைக்கு வேண்டிய தோழன். இன்னொரு குறையும் உண்டு. ராக் மேடையில் வாத்தியத்தின் பளு பலசமயம் சொல்லை விழுங்கிவிடுகிறது. குருவின் சொல் காதில் விழாமல் தலையாட்டினால் பாதிப் பாட்டுதான் கேட்டதாகும். அவியலின் பக்குவமே காய்கள் வெந்தும் குழையாமல் இருப்பது. குழுவில் ஒருவர் பாடும்போது மற்றவர் கை அடங்குவதும் அந்தப் பக்குவம்தான்.

நம் ஆண்டு விழாக்களில் பிள்ளைகள் சினிமாப் பாட்டைக் கரோக்கியில் பாடி இறங்குகிறார்கள். நன்றாகவே பாடுகிறார்கள். ஆனால் வீட்டில் பேசுகிற தமிழில் அவர்களாக ஒரு பாட்டுக் கட்டினால் அதைப் பாட இடம் எங்கே? பள்ளியில் அந்தத் தமிழுக்கு இடமில்லாத பிள்ளைகள் நம்மிடையே பலர். விழாவில் அரைமணி நேரம் ஒதுக்கிக் கொடுப்போம். நாலு கூட்டாளிகள் சேர்ந்து சொந்தப் பாட்டோடு ஏறட்டும். சுருதி சேராவிட்டால் என்ன, சொல்லித் திருத்த நாம் முன்வரிசையில் இருக்கிறோமே!