அரும்பு, மொட்டு, மலர்: அம்மாவிடம் யார் சொல்வது?

"எம்புள்ள எத்தனாவது ரேங்க் டீச்சர்?"

தொடக்கப் பள்ளிப் பெற்றோர் கூட்டத்தில் இதைக் கேட்காத அம்மா அபூர்வம். அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கும் ஆசிரியையிடம் இதற்குப் பதில் கிடையாது. ரேங்க் போடுவது நின்று பல ஆண்டுகள் ஆகின்றன. "மொட்டுல இருக்கான்மா" என்று அவர் சொல்லலாம். அம்மா தலையாட்டுவார். மொட்டு என்றால் நல்லதா கெட்டதா என்று கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். நான் பார்த்த கூட்டங்களில் இது பலமுறை நடந்திருக்கிறது.

அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருப்பது 'எண்ணும் எழுத்தும்' திட்டம். 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அதைத் தொடங்கிவைத்தார். கொரோனாவுக்காக 2020 மார்ச்சில் மூடிய தொடக்க வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. 2020இல் ஒன்றாம் வகுப்பில் பெயர் பதிந்த குழந்தை முதன்முதலாகப் பள்ளி வாசலை மிதித்தபோது அது இரண்டாம் வகுப்பு மாணவி. 'அ' தெரியாது, ஆனால் கையில் இரண்டாம் வகுப்புப் புத்தகம். 2025க்குள் எட்டு வயதுக்கு உட்பட்ட எல்லாப் பிள்ளைகளும் பிழையின்றிப் படிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும் என்று அரசு இலக்கு வைத்தது. முதலில் ஒன்று முதல் மூன்று வரையிலான வகுப்புகளுக்கு வந்த திட்டம் அடுத்த கல்வியாண்டில் நான்கு, ஐந்துக்கும் நீண்டது.

திட்டத்தின் அடிப்படை எளிது. பிள்ளை எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது என்பதை ஒதுக்கிவைத்துவிட்டு, அதற்கு உண்மையில் என்ன தெரியும் என்று பார். முதல் வகுப்பு நிலையில் நின்றால் அரும்பு, இரண்டாம் வகுப்பு நிலை மொட்டு, மூன்றாம் வகுப்பு நிலை மலர். அந்தந்த நிலைக்கேற்ற பயிற்சி நூலைக் கொடு, அங்கிருந்து மேலே ஏற்று. (பெயர் வைத்தவருக்கு ஒரு பாராட்டு. 'மக்கு பெஞ்ச்' என்ற சொல் புழங்கிய வகுப்பறையில் பின்தங்கிய பிள்ளைக்கு 'அரும்பு' என்று பெயர்.)

இதன் பெரிய பலம் நேர்மை. அதற்கு முந்தைய பல ஆண்டுகளில் பள்ளி ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டிருந்தது. மூன்றாம் வகுப்புப் புத்தகத்தை நடத்தி முடித்தால் மூன்றாம் வகுப்பு முடிந்தது என்பது அந்தப் பொய். எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்திவைக்கக் கூடாது என்கிற விதி நல்ல விதிதான். ஏழு வயதுக் குழந்தையை ஃபெயிலாக்கி யாருக்கும் லாபமில்லை. ஆனால் அந்த விதியின் நிழலில், எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளை சத்தமில்லாமல் ஆறாம் வகுப்பு வரை போய்விட முடிந்தது. 'எண்ணும் எழுத்தும்' அந்தப் பிள்ளையைத் தேடிப் பிடிக்கிறது. பாட்டு, கதை, பொம்மலாட்டம் என்று வகுப்பைக் கலகலப்பாக்கியதையும் சொல்ல வேண்டும். பள்ளிக்குப் போகமாட்டேன் என்று காலையில் அழுத பிள்ளைகள் சிலர் அழுகையை நிறுத்தியதற்கு அதுவும் ஒரு காரணம். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி மறு ஆண்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் எங்கும் பரவிய காலைச் சிற்றுண்டி இன்னொரு காரணம்.

இனி, வகுப்பறைக்குள் போய்ப் பார்ப்போம். கிராமத்து ஈராசிரியர் பள்ளி. நான்கும் ஐந்தும் தலைமையாசிரியர் கையில். ஒன்று, இரண்டு, மூன்று ஆகியவை ஒரே ஆசிரியை கையில், பெரும்பாலும் ஒரே அறையில். கல்வி உரிமைச் சட்டம் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரக் கற்பித்தல் என்கிறது. நாளுக்கு நான்கு மணி நேரம். தமிழ், ஆங்கிலம், கணக்கு என்று மூன்று பாடம், மூன்று நிலை. ஒன்பதாக வகுத்தால் ஒரு குழுவுக்கு ஒரு பாடத்தில் இருபத்தேழு நிமிடத்துக்கும் குறைவு. மற்ற இரண்டு குழுக்களும் அந்த நேரத்தில் பயிற்சி நூலில் எதையாவது எழுதிக்கொண்டிருக்கும். மலர் தானாக எழுதும். அரும்பு எழுதாது, ஆசிரியையின் விரல் பக்கத்தில் இருந்தால்தான் அது எழுத்துக் கூட்டும். ஆக, யாருக்காகத் திட்டம் வந்ததோ அந்தப் பிள்ளைக்கே நேரம் போதாமல் போகிறது. அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்ற சட்டக் கணக்கு, ஒரு வகுப்புக்கு ஒரு ஆசிரியர் என்ற எண்ணத்தில் போட்ட கணக்கல்ல. தலைகளை எண்ணிப் போட்ட கணக்கு அது. நிலைவாரியாகக் கற்பிக்கச் சொல்லிவிட்டுப் பழைய கணக்கையே வைத்திருப்பது திட்டத்தின் முதல் குறை.

இரண்டாம் குறை செயலி. வளரறி மதிப்பீடு, தொகுத்தறி மதிப்பீடு என்று பிள்ளைகளைச் சோதித்து முடிவை இணையத்தில் ஏற்ற வேண்டும். நெட் கிடைக்காத ஊரில் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் ஆசிரியை நிற்பார், வகுப்பு தன்பாட்டுக்கு இரைந்துகொண்டிருக்கும். ஆசிரியர் சங்கங்கள் இதைத் தொடர்ந்து எதிர்த்துவருகின்றன. பி.எட். மாணவர்களைக் கொண்டு பிள்ளைகளை மதிப்பிட முயன்றபோதும் எதிர்ப்பு கிளம்பியது. சங்கங்கள் சொல்வது எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. வெளியாள் வந்து பார்ப்பதில் தவறில்லை. ஆனால் ஒரு கேள்வி நிற்கிறது. இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த தகவல் யாருக்குப் போகிறது? வட்டாரத்துக்கு, மாவட்டத்துக்கு, சென்னைக்கு. அரும்பில் நிற்கும் பிள்ளையின் வீடு பள்ளியிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது. தகவல் அங்கே போவதில்லை.

இந்த இடத்தில் ஒரு பழைய கதையை நினைவூட்ட வேண்டும். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-08இல் மாநிலம் முழுக்கப் பரவியது செயல்வழிக் கற்றல். ஆந்திரத்தின் ரிஷிவேலியில் வளர்ந்த முறை அது. ஏணிப்படி, அட்டைகள், பாய் விரித்துத் தரையில் உட்காரும் ஆசிரியர், பிள்ளையின் கைக்கெட்டும் உயரத்தில் கரும்பலகை. ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏணியில் ஏறும். பாராட்டு குவிந்தது, வெளி மாநிலத்தார் வந்து பார்த்தார்கள். ஊர்ப் பெற்றோர் என்ன சொன்னார்கள்? "பாடமே நடத்துறதில்ல, அட்டைய வெச்சு வெளையாட விடுறாங்க." அந்தப் பேச்சோடு சிலர் பிள்ளையை வேன் வரும் இங்கிலீஷ் மீடியத்துக்கு மாற்றினார்கள். முறையில் குறைகள் இருந்தன. ஆனால் அது பெற்றோரிடம் தோற்றதற்குக் காரணம், பிள்ளை ஏறிய படியை அவர்களுக்குப் புரியும் மொழியில் யாரும் காட்டவில்லை என்பதுதான். தனியார் பள்ளி அதைக் காட்டியது: தினமும் நோட்டு நிறைய வீட்டுப்பாடம், மாதா மாதம் மதிப்பெண். ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று 2018இல் சென்னை உயர் நீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது. ஆனாலும் கண்ணுக்குத் தெரிந்த நோட்டை நம்பிய பெற்றோரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேறெதையும் அவர்களுக்கு யாரும் காட்டவில்லையே.

புரியும் மொழி என்பது பெரிய விஷயமில்லை. ஒன்றாம் வகுப்பு முடியும்போது பிள்ளை சின்னச் சின்னச் சொற்களைத் தானே கூட்டிப் படிக்க வேண்டும். இரண்டாம் வகுப்பு முடிவில், தெரியாத ஒரு சின்னக் கதையைத் திக்கித் திணறியாவது படித்துக் கதையைச் சொல்ல வேண்டும். மூன்றாம் வகுப்பு முடிவில், மளிகைக் கடைச் சீட்டைப் படித்து மீதிச் சில்லறையைச் சரியாகச் சொன்னால் நிம்மதியாக இருக்கலாம். மத்திய அரசின் நிபுண் பாரத் இலக்கு மூன்றாம் வகுப்புக்கு நிமிடத்துக்கு அறுபது சொல் என்று வேகத்தையும் சேர்க்கிறது. தமிழுக்கு அந்த எண்ணை அப்படியே மாட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. 'வந்துகொண்டிருந்தவர்களுக்கு' என்பது நமக்கு ஒரே சொல். வேறு மொழியில் அது நான்கைந்து சொல். தமிழ்ப் பிள்ளையின் வேகத்தைச் சொற்களை எண்ணி அளந்தால் அது எப்போதும் மெதுவாகத்தான் தெரியும்.

'நூறு நாட்களில் நூறு சதவீத வாசிப்பு' என்று பின்னர் ஒரு சவால் வந்தது. பிள்ளைகள் பெற்றோர் முன்னால் வாசித்துக் காட்டினார்கள். மனப்பாடம் செய்த பக்கத்தைத் திறந்து வைத்தும் ஏமாற்றலாம் என்பது தெரிந்ததே. இருந்தாலும், செயலியில் பதிந்த நூறு மதிப்பீட்டைவிட அந்த ஐந்து நிமிடம் ஒரு அம்மாவுக்கு அதிகம் சொல்லியிருக்கும்.

பெற்றோரை முறையாகச் சந்தித்து, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றைச் சொல்வது ஆசிரியரின் கடமை என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு எழுதிவைத்திருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். கேட்பது உங்கள் உரிமை. அடுத்த கூட்டத்தில் ரேங்க் கேட்காதீர்கள். பிள்ளையின் தமிழ்ப் புத்தகத்தைக் கையோடு எடுத்துப்போங்கள். எந்தப் பக்கம் வரை தானாகப் படிக்கிறான், எந்த எழுத்தில் நிற்கிறான் என்று ஆசிரியையை விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.