துண்டாடலை எதிர்த்த திட்டம்

1957 விடுதலையை ஒட்டி வெள்ளை முதலாளிகள் பலர் மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களை விற்றுவிட்டுக் கப்பலேறினர். வாங்கியோர் அவற்றைத் துண்டாடி விற்க, தொழிலாளர் வேலையோடு லயத்தையும் இழந்தனர். பேராக், சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ.தி. சம்பந்தன் முன்னின்று 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் அம்முறையையே தலைகீழாக்கிற்று. துண்டாடியோர் பெருநிலத்தைக் கூறாக்கினர். சங்கமோ சிறு காசைச் சேர்த்துப் பெருநிலம் வாங்கிற்று. 100 வெள்ளிப் பங்கை மாதம் 10 வெள்ளியாகப் பகுத்தது, பால்மரம் வெட்டுவோரின் கையிருப்பை அளந்தறிந்த செயல். திட்டம் தீட்டுவோர் பலரிடம் காணக் கிடைக்காத நுட்பம் இது!

ஆயினும் ஒரு குறை உண்டு. சங்கம் முதலில் வாங்கிய புக்கிட் சீடிம் தோட்டம் இருப்பது கெடாவில். பேராக் தொழிலாளி அங்கே பங்குடையவர். தாம் வேலை செய்யும் தோட்டம் துண்டாடப்பட்டால் இங்கே வீடற்றவர். பங்கு அவருக்கு ஈவு தரும். லயத்தைக் காத்துத் தராது.