மரக்கூழ் போட்ட ஐஸ்

2009-ல் வந்த ‘மித்பஸ்டர்ஸ்’ அலாஸ்கா எபிசோடை நீங்கள் பார்த்திருக்கலாம். நியூஸ்பேப்பரைத் தண்ணீரில் ஊறப்போட்டு, உறையவைத்து, அதில் படகு செய்து மோட்டார் மாட்டிக் கடலில் விட்டார்கள். ஜோராக ஓடியது. பிறகு ஒழுக ஆரம்பித்தது. நடக்கக்கூடியதுதான், ஆனால் அபத்தம் என்று தீர்ப்பு சொல்லிவிட்டுக் கரையேறினார்கள்.

ஜாலியான எபிசோட். என் புகார், அவர்கள் கேட்ட கேள்வியே தப்பு என்பதுதான்.

சரக்கின் பெயர் பைக்ரீட். எடையில் சுமார் 14 சதவீதம் மரக்கூழ், பாக்கி ஐஸ். சாதா ஐஸை ஓங்கி அடித்தால் சிதறும். இதில் விரிசல் ஓடி வந்து நாரில் முட்டி நின்றுவிடும். மண் சுவருக்கு வைக்கோல் கலக்கிறோமே, அந்த சமாசாரம்தான். 1942-ல் ஜெஃப்ரி பைக் என்ற ஆங்கிலேயர், அட்லாண்டிக் நடுவில் விமானங்கள் இறங்க ஐஸிலேயே கப்பல் கட்டலாம் என்றார். நீளம் 2,000 அடி! சர்ச்சிலே சொக்கிப் போனார். (மரக்கூழ் யோசனை வேறு ஆட்களுடையது. பெயர் மட்டும் பைக்குக்கு.)

டி.வி.யில் எடை ஏற்றினார்கள், துப்பாக்கியால் சுட்டார்கள். எல்லாம் சில நிமிட வித்தை. ஆனால் ஐஸின் நிஜமான கெட்ட குணம் நிமிடத்தில் தெரியாது. உருகாமலே, தன் கனத்திலேயே, அது மெள்ள மெள்ளத் தொய்யும். பனியாறு மலையிலிருந்து நகர்ந்து இறங்குகிறதே, அதுபோல. மரக்கூழ் உடைவதைத் தடுக்கும், தொய்வதைத் தடுக்காது. அதற்கு மைனஸ் 15 டிகிரியில் வைத்திருந்தாக வேண்டும்.

இதைக் கண்டறிந்தவர்களில் ஒருவர் மாக்ஸ் பெருட்ஸ். லண்டன் ஸ்மித்ஃபீல்ட் இறைச்சி மார்க்கெட்டுக்கு அடியில், குளிர் கிடங்கில் சோதித்தார். அவருடைய ‘எனிமி ஏலியன்’ கட்டுரையில் ஒரு கணக்கு வருகிறது. பி.காம். படித்த எனக்கு எபிசோடைவிட அதுதான் த்ரில். அந்தக் கப்பலைக் குளிரவைக்கும் யந்திரங்களுக்கு வேண்டிய எஃகு, முழுக் கப்பலையும் எஃகிலேயே கட்டத் தேவையானதைவிட அதிகம்! மிச்சம் பிடிக்கப் போன இடத்தில் இப்படி. போதாததற்கு, கரையிலிருந்து கிளம்பும் விமானங்களே வெகுதூரம் பறக்க ஆரம்பித்துவிட்டன. திட்டம் குளோஸ்.

படகு ஒழுகியதைக் காட்டியவர்கள் இந்தக் கணக்கைக் காட்டியிருந்தால், அபத்தம் எங்கே என்று புரிந்திருக்கும்.

கட்டுரை ‘இஸ் சயின்ஸ் நெசஸரி?’ தொகுப்பில் இருக்கிறது, படித்துப் பாருங்கள். பெருட்ஸ் ஆஸ்திரியாக்காரர். 1940-ல் எதிரி நாட்டான் என்று பிடித்துக் கனடாவுக்கு அனுப்பிய அதே பிரிட்டிஷ் அரசாங்கம், மூன்று வருஷத்துக்குள் தன் ரகசியக் கப்பலுக்கு அவரையே ஐஸ் உடைக்க வைத்தது. அந்தக் கசப்பை அவர் மறைக்கவில்லை. ஐஸ் கணக்கில் கலக்கவும் இல்லை.