பரிசு வாங்காத பையனுக்கு ஒரு பள்ளிக்கூடம்

'தாரே ஜமீன் பர்' படத்தை மறுபடியும் பார்த்தேன். காரணம் ஒரு வாசகி. அவருடைய மகன் இரண்டாம் வகுப்பு. 'கொ' எழுதச் சொன்னால் கொம்பு போடுகிறான், காலை மறந்துவிடுகிறான். படிக்கிற பள்ளியில், 'வேற ஸ்கூல் பாத்துக்குங்களேன்' என்று ஜாடையாகச் சொல்லிவிட்டார்களாம். 'தெருக்கோடி கார்ப்பரேஷன் ஸ்கூல்ல சேர்க்கலாமா சார்? நிகும்ப் மாதிரி ஒரு டீச்சர் கிடைப்பாரா?' என்று கேட்கிறார்.

கேள்வியில் பாதி அம்மாவுடையது, மீதி ஆமிர்கானுடையது.

படம் 2007 டிசம்பரில் வந்தது. 'டிஸ்லெக்ஸியா' என்ற வார்த்தையையே நம்மில் பலர் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டோம். 'சோம்பேறி', 'மக்கு' என்று முதுகில் வாங்கிய எத்தனையோ பையன்களிடம் நம் எல்லோர் சார்பாகவும் அந்தப் படம் மன்னிப்புக் கேட்டது. இஷானாக வந்த தர்ஷீல் சஃபாரியின் திருதிரு பார்வை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. இதெல்லாம் சரி.

ஆனால், பள்ளிக்கூடம் தேடுகிற பெற்றோராக உட்கார்ந்து பாருங்கள். இரண்டு இடத்தில் உதைக்கும்.

ஒன்று, இஷானின் அப்பா பள்ளியைத் தேர்ந்தெடுக்கவே இல்லை. கோபத்தில் ஹாஸ்டலில் கொண்டுபோய்த் தள்ளுகிறார். அங்கே நிகும்ப் வருவது சுத்தமான அதிர்ஷ்டம். அதுவும் தற்காலிக ஓவிய வாத்தியாராக! அவர் வராமல் போயிருந்தால் இஷான் கதி? படம் அந்தப் பக்கமே போகவில்லை.

இரண்டு, கிளைமாக்ஸ். ஓவியப் போட்டியில் இஷானுக்கு முதல் பரிசு. நாம் கண்ணைத் துடைத்துக்கொள்கிறோம். வரையத் தெரியாத இஷானாக இருந்தால் துடைத்திருப்போமா?

தமிழில் 2013-ல் வந்த 'ஹரிதாஸ்' ஒரு படி மேல். ஆட்டிசம் உள்ள பையனை, போலீஸ்கார அப்பா கிஷோர் அரசுப் பள்ளிக்கே கொண்டுவருகிறார். டீச்சர் சினேகா. அழகான, அடக்கமான படம். ஆனால், அந்தப் பையனும் கடைசியில் ஓடிச் சாதித்தாக வேண்டியிருக்கிறது. படிப்பு வராத பிள்ளை வேறு எதிலாவது கில்லாடியாக இருந்தால்தான் சினிமாவில் அவனுக்கு மன்னிப்பு!

இதில் ஒரு வேடிக்கை. மணலில் எழுத்து, களிமண்ணில் உருவம், படிக்கட்டில் ஏறி இறங்கிக் கணக்கு என்று நிகும்ப் சொல்லிக்கொடுத்ததைப் பார்த்து நாம் உருகிக்கொண்டிருந்த அதே 2007-08 கல்வியாண்டில்தான், 'செயல்வழிக் கற்றல்' தமிழக அரசுத் தொடக்கப் பள்ளிகள் முழுக்கப் பரவியது. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கிய முறை. பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்து அட்டைகளை எடுத்துப் படிப்பார்கள். குழந்தைக்கு எட்டுகிற உயரத்தில் சுவரெல்லாம் கரும்பலகை. ஒவ்வொரு பிள்ளைக்கும் தன் வேகத்தில் ஏற ஓர் ஏணி. நாலு நாள் ஜுரத்தில் படுத்தாலும், விட்ட படியிலிருந்து தொடரலாம். எல்லாப் பள்ளியிலும் ஒழுங்காக நடந்தது என்று சொல்ல மாட்டேன். பிறகு முறையும் மாறியது. 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' வந்து, பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்தார்கள். ஆனால் நம்மில் எத்தனை பேர் தியேட்டரிலிருந்து வந்து, தெருக்கோடிப் பள்ளியை எட்டிப் பார்த்தோம்?

அந்த அம்மாவுக்கு என் பதில்: சேர்க்கலாம், பார்த்துவிட்டு. ஒருநாள் காலை போய் உட்காருங்கள். ஒரே டீச்சர் எத்தனை வகுப்பைச் சேர்த்து மேய்க்கிறார் என்று எண்ணுங்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளையைக் காட்டுவார்கள், அதைப் பார்க்காதீர்கள். கடைசியில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை என்ன செய்கிறது, அதனிடம் டீச்சர் எப்படிப் பேசுகிறார் என்று பாருங்கள். வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர் வருகிறாரா, எந்தக் கிழமை, கடைசியாக எப்போது வந்தார் என்று கேளுங்கள். பதில் சட்டென்று வந்தால் நல்ல சகுனம். தலைமையாசிரியர் விட்டத்தைப் பார்த்தால் வேறு பள்ளியையும் பார்த்து வையுங்கள்.

கூச்சப்பட வேண்டாம், நீங்கள் தயவு கேட்கப் போகவில்லை. 2016-ம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 குறைபாடுகளில் கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் உண்டு. அதைக் காட்டி அரசுப் பள்ளியோ, அரசு நிதி வாங்கும் பள்ளியோ பிள்ளையைத் தள்ள முடியாது. குறைபாடு 40 சதவிகிதத்துக்குக் குறையாது என்று சான்றிதழ் இருந்தால், 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி. பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்று தேர்ந்தெடுக்கும் உரிமையும் உங்களுடையது.

ஒரு நிகும்ப் வந்தால் சந்தோஷம். மாற்றலாகிப் போனால்? அப்போதும் பிள்ளையைக் கைவிடாத பள்ளிதான் வேண்டும்.

அப்படி ஒரு படத்தை யாராவது எடுங்களேன். ஓவியம் வராது, ஓடவும் வராது. கடைசி சீனில் பையன் பஸ் போர்டைத் தானே எழுத்துக்கூட்டிப் படித்து, சரியான பஸ்ஸில் ஏறுகிறான். வணக்கம். முதல் டிக்கெட் எனக்கு.