லில்லிக்கும் வேண்டும் காய்ச்சலும் பாய்ச்சலும்

அமராவதி நகரில் நின்று அணைக்கு மேலே பார்த்தால் தெரிகிற ஆனைமலை, பழனி மலைத் தொடர்களின் உயரமான புல்வெளிகளில் ஒரு லில்லி காட்டுச் செடியாகவே வாழ்கிறது. 19ஆம் நூற்றாண்டுத் தாவரவியலாளர் ராபர்ட் வைட், நீலகிரியின் பெயரைச் சேர்த்து அதைப் பதிவு செய்தார். மழை மாதங்களில் வெள்ளை வெளேரென்று நீண்ட குழலாகப் பூக்கும். அந்த மலைகளின் தண்ணீர் ஆறாக இறங்கி நம் வயல்களுக்கு வருகிறது. அந்த லில்லி மட்டும் இறங்கி வரவில்லை. மேலே இருக்கும் குளுமை கீழே கிடையாது.

வீட்டில் லில்லி வளர்ப்பவர்கள் முதலில் யோசிக்க வேண்டிய விஷயம் இது. ஆன்லைனில் ஆசியாடிக், ஓரியண்டல் என்று படம் போட்டு விற்கும் கிழங்குகள் இந்த மலைச்செடியின் உறவினர்கள். பெரும்பாலும் நெதர்லாந்தில் விளைந்து, குளிர்க்கிடங்கில் இருந்துவிட்டு வருபவை. நட்ட இரண்டு மூன்று மாதத்தில் திருப்பூர் மாடியிலும் உடுமலை முற்றத்திலும் அழகாகவே பூத்துவிடுகின்றன. அந்த முதல் பூவுக்கு வேண்டிய சத்தும் குளிரும் கிழங்கோடு வந்தவை. அதில் நம் பங்கு கொஞ்சம்தான். கேள்வி இரண்டாம் பூவைப் பற்றியது.

அதற்கு எல்லோரும் சொல்லும் வைத்தியம் ஃப்ரிட்ஜ். தண்டு காய்ந்ததும் கிழங்கைத் தோண்டி, மண்ணை உதறி, லேசாக ஈரமான நார்க்கழிவில் பொதிந்து, துளையிட்ட பையில் போட்டு 6 முதல் 10 வாரம் ஃப்ரிட்ஜில் வைப்பது. பிறகு ஐப்பசி, கார்த்திகையில் நடுவது. இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. இந்த இனத்துக்கு 2 முதல் 5 டிகிரி வரையிலான குளிர் பல வாரம் கிடைத்தால்தான் தண்டு ஒழுங்காக எழும்பிப் பூக்கும். நம் ஊரில் மார்கழி விடியலில்கூட 15 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். ஆகவே குளிரைச் செயற்கையாகத் தருவதில் தவறில்லை. ஐப்பசிக்குப் பின் நடுவதும் சரியான யோசனை. செடி வளரும் காலம் முழுக்கப் பனியும் மிதமான வெயிலும் கிடைக்கும்.

முறையின் குறை வேறு இடத்தில் இருக்கிறது. கார்த்திகையில் நட்டது தை, மாசியில் பூக்கிறது. பூ உதிர்ந்த பிறகு இரண்டு மூன்று மாதம் இலை பச்சையாக நின்று சமைத்துப் போட்டால்தான் கிழங்கு மறுபடி பருக்கும். அந்த மாதங்கள் நமக்குப் பங்குனியும் சித்திரையும். 36, 37 டிகிரி வெயிலில், மொட்டைமாடித் தளத்தின் சூடும் சேர்ந்து, இலை நுனியிலிருந்து கருகி வருகிறது. கிழங்கு பருக்க வேண்டிய நேரத்தில் சுருங்குகிறது. ஃப்ரிட்ஜ் குளிர்காலத்தைத் தரும். இதமான கோடையைத் தராது. அதனால்தான் முதல் ஆண்டு ஐந்து பூ விட்ட கிழங்கு அடுத்த ஆண்டு ஒன்றோ இரண்டோ விட்டு, அதற்கடுத்த ஆண்டு வெறும் இலையோடு நிற்கிறது. வளர்த்தவர் உரத்தையும் தன் கைராசியையும் குறை சொல்லிக்கொள்வதைப் பார்க்கையில் வருத்தமாக இருக்கிறது. நீலகிரியில் பசுமைக்குடில் போட்டு லில்லி வளர்க்கும் விவசாயிகளே இறக்குமதிக் கிழங்கைத்தான் நம்பியிருக்கிறார்கள். அவ்வளவு குளிரான ஊரிலேயே அந்த நிலை என்றால், மாடித்தொட்டிக்காரரிடம் ஆண்டுதோறும் பூவை எதிர்பார்ப்பது நியாயமே இல்லை.

பிடிவாதமாக முயல்பவர்கள் சில விஷயங்களைக் கவனிக்கலாம். லில்லிக் கிழங்குக்கு வெங்காயம்போல் மேல்தோல் கிடையாது. பூண்டுப் பல் மாதிரி செதில்கள் வெறுமனே அடுக்கியிருக்கும். இரண்டு நாள் வெளியில் கிடந்தாலே வதங்கிவிடும். ஃப்ரிட்ஜில் ஆப்பிளும் வாழைப்பழமும் இருக்கும் தட்டில் வைக்கக் கூடாது. பழம் விடும் எத்திலீன் வாயு உள்ளிருக்கும் குருத்தைக் கெடுக்கும். சாமிக்குப் பூப் பறிக்கும்போது தண்டை அடியோடு வெட்டாமல், பாதித் தண்டையாவது இலையோடு விட வேண்டும். இன்னொன்றும் உண்டு. பூனை வளர்க்கும் வீட்டுக்கு இந்த லில்லி வேண்டவே வேண்டாம். மகரந்தம் ஒட்டிய ரோமத்தை நக்கினால்கூடப் பூனையின் சிறுநீரகம் செயலிழந்துவிடும்.

நர்சரிகளில் லில்லி என்ற பெயரிலேயே விற்கும் வேறு செடிகள் இருக்கின்றன. குடும்பம் வேறானாலும் நம் தட்பவெப்பத்துக்கு ஒத்துப்போகிறவை அவைதான். அவை கேட்பது குளிரை அல்ல, காய்ச்சலை. அணையிலிருந்து முறை வைத்துத் தண்ணீர் வாங்கிப் பாய்ச்சும் அமராவதிப் பாசன விவசாயிக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அதே கணக்குத்தான் தொட்டிக்கும்.

எக்காளம்போல் பெரிதாகச் சிவப்பில் பூக்கும் அமரில்லிஸைப் பாருங்கள். ஏறக்குறைய நான்கு இலைக்கு ஒரு பூத்தண்டு என்ற கணக்கில் அதன் கிழங்குக்குள்ளேயே மொட்டு உருவாகிறது. வெளியே வருமுன் மாதக்கணக்கில் உள்ளே காத்திருக்கிறது. இந்த ஆண்டின் இலைதான் அடுத்த ஆண்டின் பூ. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும், மார்கழிக் கடைசியிலிருந்து 8 முதல் 10 வாரம் தண்ணீரை நிறுத்தித் தொட்டியை மழைபடாத ஓரத்தில் வைத்துவிட வேண்டும். மாசி முடிவில் ஒரு முறை நன்றாக நனைத்தால் பங்குனி, சித்திரையில் தண்டு எழும்பும். கிழங்கின் கழுத்து மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். ஆழப் புதைத்தால் அழுகும். மணம் இல்லை என்பது இதன் பெரிய குறை.

மழை லில்லிக்கு இவ்வளவு பாடுகூட வேண்டாம். காய்ந்து கிடந்த தொட்டியில் கோடைமழை இறங்கினால் சில நாளில் பூத்துக் குலுங்கும். ஒரு பூ இரண்டு நாளுக்கு மேல் நிற்காதுதான். ஆனால் அடுத்த மழைக்கு அடுத்த பூ வரும். தினமும் தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறவர் வீட்டில்தான் இது பூக்காமல் புல்லாக நிற்கிறது.

திருப்பூர் மாவட்டத்துக்கு மிகவும் பொருத்தமானது மாநில மலரான செங்காந்தள். தாராபுரம், மூலனூர்ப் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று இதை விதைக்காகவே பயிரிடுகிறார்கள். விதையிலிருந்து கால்சிசின் என்ற மருந்துப்பொருள் எடுக்கப்படுகிறது. சூல்தண்டு பக்கவாட்டில் மடங்கி மகரந்தத்தை விட்டு விலகி நிற்பதால், காலை வேளையில் பூப்பூவாகக் கையால் மகரந்தம் தொட்டு வைக்கிறார்கள். வீட்டுத் தொட்டியில் இந்த உழைப்பு தேவையில்லை. நமக்குப் பூ போதும். ஏர்க்கலப்பை போல் வளைந்த கிழங்கின் நுனியில்தான் முளைக்கண் இருக்கிறது. அது ஒடிந்தால் முளைக்காது. ஆனி, ஆடியில் நட்டால் இலை நுனியே கொடிச்சுருளாகிப் பற்றி ஏறும். பருவம் முடிந்து கொடி காய்ந்ததும் பழைய கிழங்கு வற்றி, அந்த இடத்தில் புதுக்கிழங்கு இருக்கும். செடியின் எல்லாப் பாகமும், முக்கியமாகக் கிழங்கு, கொடிய விஷம். கைக்குழந்தையோ கண்டதைக் கடிக்கும் நாய்க்குட்டியோ இருக்கிற வீட்டில் நான் இதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான எதிரி, கருப்பு உடம்பில் வெள்ளையும் சிவப்புமாகப் புள்ளி வைத்த லில்லிப் புழு. ஒரே இரவில் இலையை மொட்டையடிக்கும். சாயங்காலம் டார்ச் அடித்துப் பார்த்துக் கையால் பொறுக்குவதே போதும்.

இன்னொரு உள்ளூர்ப் பழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பொள்ளாச்சி, உடுமலையில் நார்க்கழிவு மலிவு என்பதால் தொட்டி முழுக்க அதையே நிரப்புகிறார்கள். அலசாத நார்க்கழிவில் உப்பு இருக்கும். ஈரத்தையும் விடாமல் பிடித்து வைக்கும். ஓய்வெடுக்க வேண்டிய கிழங்கு அதில் அழுகிவிடும். செம்மண்ணும் மணலும் தொழுவுரமும் முக்கால் பங்கு, அலசிய நார்க்கழிவு கால் பங்குக்குள் என்பதே கிழங்குச் செடிக்குச் சரி.

ஆசியாடிக் லில்லியை ஒரு பருவத்துப் பூவாக நினைத்து வாங்குங்கள். மறுபடி பூக்காவிட்டால் மனம் தளராதீர்கள். ஆண்டுதோறும் பூ வேண்டுமென்றால் அமரில்லிஸ், மழை லில்லிப் பக்கக் கன்றுகளை அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்குங்கள். நர்சரிக்காரர்கள் எந்தக் கிழங்கு குளிர் கேட்கும், எது காய்ச்சல் கேட்கும் என்று தொட்டியிலேயே எழுதி ஒட்டினால் பலருடைய பணம் மிச்சமாகும். மலைக்குப் போகிறவர்கள் அங்கிருக்கும் வெள்ளை லில்லியைத் தோண்டிக்கொண்டு வர வேண்டாம். அது ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் சொத்து. கீழே கொண்டு வந்தால் பிழைக்கவும் பிழைக்காது.