மேப் பச்சைதான், போதுமா?

சாரல் சீசனில் சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தித் தோட்டங்களுக்கு மேலே ட்ரோன் சத்தம் கேட்காத நாள் குறைவு. சுரண்டைப் பக்கம் கல்யாணப் படம் எடுக்கிற தம்பிகளிடம் "பறக்க விடுறதுக்கு முன்னாடி என்ன பார்ப்பீங்க?" என்று கேட்டால், "மேப் பச்சைதாண்ணே" என்பார்கள்.

தப்பான பதில் இல்லை. 2021 ட்ரோன் விதிகளின்படி டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பச்சை என்றால் 400 அடி வரை பறப்புக்குத் தனி அனுமதி வேண்டாம். விமான நிலையத்தைச் சுற்றிய மஞ்சள் வளையத்தையும் 45 கி.மீ.யிலிருந்து 12 ஆகச் சுருக்கினார்கள். நமக்குப் பக்கத்து விமான நிலையமான வாகைக்குளமே 70 கி.மீ. தாண்டித்தான். நல்ல மாற்றம், மறுக்கவில்லை.

சிக்கல் தற்காலிகத் தடையில். எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி ஓர் இடத்தை 96 மணி நேரம் வரை சிவப்பு மண்டலமாக்கலாம். அதை அந்த வரைபடத்திலேயே காட்ட வேண்டும். பறக்க விடுபவரும் ஒவ்வொரு முறையும் அதைப் பார்த்தாக வேண்டும். விதி இரண்டு பக்கமும் சரியாகத்தான் கட்டியிருக்கிறது. ஆனால் தலைவர்கள் வரும்போது தடை நம் கைக்கு வருவது எப்படி? பேப்பரில் ஒரு மூலைச் செய்தியாக, இல்லாட்டி வாட்ஸ்அப் ஃபார்வர்டாக. எங்கிருந்து எங்கே வரை, எத்தனை மணி வரை என்பது அதில் தெளிவாக இருந்தால் அதிர்ஷ்டம்.

மூன்றாவதாக நோட்டாம் இருக்கிறது. விமானிகளுக்கு எழுதியது, நமக்கில்லை. 2508120030 என்று போட்டிருந்தால் 2025 ஆகஸ்ட் 12, சர்வதேச நேரம் 00:30. நம்ம ஊரில் அது காலை 6 மணி! ஐந்தரை மணி நேரத்தைக் கூட்ட மறந்தால், தடை தொடங்குகிற நேரத்தில்தான் ட்ரோனை ஏற்றுவீர்கள். சுற்றளவு 5 என்றால் கிலோமீட்டர் அல்ல, கடல் மைல், 9.26 கி.மீ. ஆரம். (குற்றாலம் மலைப்பக்கம் போனால் வனத்துறை அனுமதி தனிக் கதை, மேப்பின் பச்சை அதற்குச் சீட்டு ஆகாது.)

மீறினால் அபராதம் ஒரு லட்சம் ரூபாய் வரை போகலாம். தேடிப் பார்க்கும் கடமை முழுக்கத் தம்பிகள் தலையில். அறிவிப்போ மூன்று இடத்தில், மூன்று பாஷையில். செய்திக்குறிப்பில் தமிழில் எல்லையும் இந்திய நேரமும், கூடவே அந்த மேப்பின் இணைப்பும் போட்டால் பாதிக் குழப்பம் தீரும். அதற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம், இரண்டு வரி கூடுதலாகத் தட்டச்சு செய்தால் போதும்.