முன்பே சொன்னதும் பின்னால் பொருத்தியதும்

தருமபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்கள் நிற்கின்றன. அவை வெவ்வேறு நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை, வெவ்வேறு ஆட்களுக்கு நட்டவை. ஒரே வீரனின் வாழ்க்கையைத் தொடர்ந்து சொல்லும் கல் ஒன்றுகூடக் கிடையாது. இருந்தும் எழுத்து மாறிய விதத்தையும் ஆயுதம் மாறிய விதத்தையும் வரிசைப்படுத்தி இந்த வட்டாரத்தின் வரலாற்றைக் கட்டுகிறார்கள் ஆய்வாளர்கள். கேலக்ஸிகளை ஆராய்கிறவர்களின் நிலையும் இதுதான். எந்தக் கேலக்ஸியும் நம் கண்முன்னே வளர்வதில்லை. இங்கிருந்து வடகிழக்கே, ஜவ்வாது மலைக் காவலூரில் இருக்கும் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி, அருகிலுள்ள, வளர்ந்து முதிர்ந்த கேலக்ஸிகளைக் காட்டும். விண்வெளியில் இருக்கும் ஜேம்ஸ் வெப், 1,300 கோடி ஆண்டுகளுக்கு முன் கிளம்பிய ஒளியைப் பிடித்து இளங்கேலக்ஸிகளைக் காட்டுகிறது. அந்த இளசு எப்படி இந்த முதியதாக ஆனது? நடுவில் உள்ள கதையை எழுதுவது கணினி மாதிரிகள்தாம். அவற்றை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதே என் கேள்வி.

கதையின் ஒரு பாதியைத் தயங்காமல் நம்பலாம். பெருவெடிப்புக்கு ஏறத்தாழ 3,80,000 ஆண்டுகளுக்குப் பிறகு வெளிப்பட்ட ஒளியில் அன்றைய பொருளின் ஏற்றத்தாழ்வுகள் பதிந்திருக்கின்றன. அவற்றை அளந்துவிட்டோம், அதுதான் தொடக்கம். கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள் ஈர்ப்புக்கு மட்டுமே கட்டுப்படுவதாக வைத்துக்கொண்டு கணினியை ஓட்டினால், இழைகளும் முடிச்சுகளுமாக ஒரு வலை உருவாகிறது. 2005இல் வெளியான மில்லேனியம் என்ற கணினிக் கணிப்பில் 1,000 கோடித் துகள்கள், 200 கோடி ஒளியாண்டுக்கும் மேல் பக்கமுள்ள கனசதுரம். அதில் விழுந்த வலையும் தொலைநோக்கிகள் வரைந்த கேலக்ஸி வரைபடங்களும் பெரிய அளவில் ஒத்துப்போகின்றன. எந்தக் குழு எந்த நிரலை எழுதி ஓட்டினாலும் இந்த வலை பெரிதாக மாறுவதில்லை.

சிக்கல் வாயுவில் தொடங்குகிறது. இன்று அதிகம் பயன்படும் இல்லஸ்ட்ரிஸ் டிஎன்ஜி வரிசையில், டிஎன்ஜி100 என்ற கணிப்பு வாயுவைக் கட்டங்களாகப் பிரிக்கிறது, ஒரு கட்டம் ஏறத்தாழ 14 லட்சம் சூரியன்களின் எடை. மார்கழி இரவில் அரூர்ப் பக்கத்து வயல்வெளியில் நின்று அண்ணாந்து பார்த்தால் ஓரியன் நெபுலா மங்கலாகக் கண்ணுக்குத் தெரியும். விண்மீன்கள் பிறந்துகொண்டிருக்கும் அந்த மேகத்தின் மொத்த எடை ஏறத்தாழ 2,000 சூரியன்கள். அப்படிப்பட்ட மேகங்கள் நூற்றுக்கணக்கில் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். அதாவது விண்மீன் பிறப்பதை இந்த மாதிரி பார்ப்பதே இல்லை. வாயு இவ்வளவு அடர்ந்தால் இவ்வளவு விண்மீன் என்று ஒரு சூத்திரம் சொல்லிவிடுகிறது. சூப்பர்நோவா வெடித்து வாயுவைத் தள்ளுவதும், நடுவிலுள்ள கருந்துளை சுற்றுப்புறத்தைச் சூடேற்றுவதும் அப்படியே சூத்திரங்கள்தாம். ஒவ்வொரு சூத்திரத்திலும் திருகிவைக்க ஓர் எண் உண்டு.

அந்த எண்களை எப்படித் தேர்கிறார்கள்? வெடிப்பும் கருந்துளையும் இல்லாமல் ஓட்டினால் வாயு குளிர்ந்து குளிர்ந்து, உண்மையில் இருப்பதைவிட மிக அதிகமான விண்மீன்களைப் பெற்றுத் தள்ளும். எனவே இன்றைய வானத்தில் எந்த எடையில் எத்தனை கேலக்ஸி இருக்கிறதோ அந்தக் கணக்கு வரும்வரை எண்களைத் திருகுகிறார்கள். 2015இல் ஈகிள் கணிப்பை வெளியிட்டவர்கள் இதை ஒளிக்காமல் எழுதினார்கள். அந்த நேர்மையை மதிக்கிறேன். ஆனால் திருகிப் பொருத்திய ஒன்று பொருந்தியிருக்கிறது என்பதைச் சான்றாகக் காட்ட முடியாது. விடையைப் பார்த்துவிட்டுக் கணக்கு எழுதியவருக்கு மதிப்பெண் தருவதில்லை. பிரச்சினை என்னவென்றால், பத்திரிகைகளுக்கும் தொலைக்காட்சிக்கும் போகும் அழகான சுருள் கேலக்ஸிப் படங்களில் இந்த வேறுபாடு தெரிவதே இல்லை. எது விதியிலிருந்து வந்தது, எது திருகியதால் வந்தது என்று வாசகருக்கு யாரும் பிரித்துச் சொல்வதில்லை.

திருகலின் பலம் எவ்வளவு என்பதை 2012இல் வெளியான அக்விலா ஒப்பீடு பளிச்சென்று காட்டியது. பால்வெளியைப் போன்ற கேலக்ஸி ஒன்று உருவாகக்கூடிய ஒரே தொடக்க நிலையைப் பல நிரல்களிடம் கொடுத்துப் பதின்மூன்று முறை ஓட்டினார்கள். கரும்பொருள் ஒன்றே, ஈர்ப்பு ஒன்றே. வெளியே வந்த கேலக்ஸிகளோ எடையிலும் அளவிலும் வடிவிலும் ஒன்றுக்கொன்று வெகுவாக விலகி நின்றன. 2014இன் முதல் இல்லஸ்ட்ரிஸில் கருந்துளையின் தாக்கம் மிகுந்து, கேலக்ஸிக் கூட்டங்களிலிருந்து வாயு அளவுக்கு மேல் துரத்தப்பட்டது. டிஎன்ஜியில் அந்தச் சூத்திரத்தையே மாற்றினார்கள். பிழை கண்ட இடத்தில் திருத்துவது அறிவியலுக்கு அழகு, மறுக்கவில்லை. ஆனால் திருத்திய பிறகு கிடைக்கும் ஒற்றுமையின் விலை குறைவு.

இதற்காக மாதிரிகளை ஒதுக்கிவிடும்படி நான் சொல்லவில்லை. திருகாத இடத்தில் விடை சரியாக வரும்போது அவற்றின் உண்மையான வலு தெரிகிறது. டிஎன்ஜியில் கேலக்ஸிகளின் நிறத்தைப் பார்த்து எதையும் பொருத்தவில்லை. ஆனாலும் நீலம், சிவப்பு என்று இரண்டு கூட்டமாகப் பிரியும் வானத்து வழக்கம் அதில் தானே வந்தது. கேமல்ஸ் திட்டம் இன்னும் நல்ல வழி: 4,000க்கும் மேற்பட்ட சிறிய கணிப்புகளில் எண்களை வேண்டுமென்றே மாற்றி மாற்றி ஓட்டி, எந்த முடிவு திருகலுக்கு ஆடுகிறது, எது அசையாமல் நிற்கிறது என்று காட்டுகிறது. டிஎன்ஜியின் தரவும் எல்லோருக்கும் திறந்திருக்கிறது. பெரிய கணினி இல்லாத கல்லூரி மாணவரும் தருமபுரியில் இருந்தபடியே இணையம் வழியாக அதைத் தோண்டிப் பார்க்கலாம், தவறு கண்டால் சொல்லலாம்.

எனக்கு மிகப் பிடித்த எடுத்துக்காட்டு கோயம்புத்தூரில் பிறந்து யேல் பல்கலைக்கழகத்தில் பணிபுரியும் பிரியம்வதா நடராஜனுடையது. முதல் விண்மீன்கள் இறந்து விட்டுச்சென்ற சிறிய கருந்துளைகள் சில பத்துக் கோடி ஆண்டுகளில் பூதாகரமாக வளர்வது கடினம். மாற்றாக, கலப்பில்லாத ஆதி வாயு, விண்மீன்களாக உடையாமல் மொத்தமாகச் சரிந்து பல்லாயிரம் சூரியன் எடையில் நேரே கருந்துளை ஆகலாம் என்ற வழியை அவர் ஜுசெப்பே லொடாட்டோவுடன் சேர்ந்து 2006 வாக்கில் கணக்கிட்டார். 2017இல் அவரும் குழுவினரும் இன்னொரு படி போனார்கள். அப்படி நடந்திருந்தால் ஒரு கட்டத்தில் கருந்துளையின் எடை கேலக்ஸியின் மொத்த விண்மீன்களின் எடைக்குச் சமமாக இருக்கும், ஜேம்ஸ் வெப்பிலும் எக்ஸ் கதிரிலும் அது இப்படித் தெரியும் என்று முன்கூட்டியே எழுதிவைத்தார்கள். தொலைநோக்கி விண்ணில் ஏறியது 2021 டிசம்பரில்தான். நமக்கு அருகிலுள்ள கேலக்ஸிகளில் கருந்துளை, விண்மீன் எடையில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான் என்பதை நினைத்தால் இது எவ்வளவு துணிச்சலான கூற்று என்று புரியும்.

2023 நவம்பரில் யுஎச்இசட்1 என்ற கேலக்ஸி அறிவிக்கப்பட்டது. ஏபெல் 2744 என்ற கேலக்ஸிக் கொத்துக்குப் பின்னால் இருக்கிறது. அந்தக் கொத்தின் ஈர்ப்பு அதன் ஒளியை ஏறத்தாழ நான்கு மடங்காக்கிக் காட்டுகிறது. பிரபஞ்சத்துக்கு 47 கோடி வயது இருக்கும்போது கிளம்பிய ஒளி. சந்திரா தொலைநோக்கி சுமார் இரண்டு வாரம் பார்த்து அதில் எக்ஸ் கதிரைக் கண்டது. கருந்துளையின் எடை 1 கோடி முதல் 10 கோடி சூரியன்கள். விண்மீன்களின் மொத்த எடையும் கிட்டத்தட்ட அதே அளவு. முன்பே சொன்னது வந்துவிட்டது. நம் ஊர்ப் பெண் என்பதற்காக அளவுகோலைத் தளர்த்த மாட்டேன்: வந்து சேர்ந்த எக்ஸ் கதிர் மிகச் சொற்பம், மறைக்கும் வாயு எவ்வளவு என்ற அனுமானத்தைப் பொறுத்து எடை மாறும். விதையாக இருந்த சிறிய கருந்துளை ஒன்று வழக்கமான வரம்பை மீறி விழுங்கி வளர்ந்திருக்கவும் வாய்ப்புண்டு. ஆயினும் பொருத்திய ஆயிரம் படங்களைவிட, தோற்கும் வாய்ப்பை ஏற்றுக்கொண்ட இந்த ஒரு கூற்றுக்கு என் கணக்கில் எடை அதிகம்.

இதே ஏபெல் 2744 பகுதியிலிருந்து, புனேயிலுள்ள தேசிய வானொலி வானியற்பியல் மையத்தின் ராஷி ஜெயினும் யோகேஷ் வடதேகரும் 2025இல் அளகநந்தா என்ற சுருள் கேலக்ஸியை அறிவித்தார்கள். அப்போது பிரபஞ்சத்துக்கு 150 கோடி வயதுதான், அதற்குள் இரண்டு ஒழுங்கான கரங்கள். அந்தக் காலத்துக் கேலக்ஸித் தட்டுகள் தடித்துக் கலங்கி இருக்கும் என்பதே பொதுவான எதிர்பார்ப்பு. உடனே மாதிரிகள் எல்லாம் பொய் என்று அறிவிப்பது அவசரம். 2023இல் இவோ லாபே குழு வெளியிட்ட ஆறு பெருங்கேலக்ஸிகளும் அப்படித்தான் பரபரப்பாயின. அவற்றுள் ஒன்று பின்னர் நினைத்ததைவிட அருகில் இருக்கும், கருந்துளை ஒளிரும் கேலக்ஸி என்று தெரிந்தது. ஒற்றைக் கேலக்ஸியால் மாதிரி சாகாது. அந்த வயதில் இத்தகைய தட்டுகள் எத்தனை இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு குழுவும் இப்போதே எண்ணைச் சொல்லிவிட்டால், அடுத்த பத்து ஆண்டுக் கணக்கெடுப்பு அவற்றைத் தரம் பிரித்துவிடும். கருந்துளை விதைகளுக்கு அந்த எண்கள் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கின்றன: 2030களின் நடுவில் ஐரோப்பிய விண்வெளி முகமை அனுப்பவிருக்கும் லிசா, ஆதிக் கருந்துளைகள் மோதும் ஈர்ப்பலைகளைக் கேட்கும்போது, பெரிய விதைக்கு ஒரு கணக்கும் சிறிய விதைக்கு இன்னொரு கணக்கும் வர வேண்டும்.